சாமி ஓட்டிய பிசாசு! - கிழட்டு கார்களுக்கு கிளப் கட்டிய ரேஸ் வீரரின் கதை

பழைய கார் கிறுக்கு பிடித்தவர்களுக்கு, காரை வெளியே எடுக்க முடியாத மழை நாளிலும் ஒரு சந்தோஷம் உண்டு. தபாலில் வரும் அவர்களுடைய கிளப் பத்திரிகை! இங்கிலாந்தில் இருக்கும் 'வெட்டரன் கார் கிளப்' நடத்துகிற இதழுக்கு 'கெஜட்' என்று பெயர். கெஜட் என்றதும் நமக்குப் பெயர் மாற்றமும் அரசு அறிவிப்பும்தான் ஞாபகம் வரும். அவர்களுக்கு அது வேறு உலகம்.

இந்த மாதிரி கிளப் இதழ்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் நமக்கும் அந்தக் கிறுக்கு லேசாக ஒட்டிக்கொள்ளும். நூறு வயது தாண்டிய காருக்கு ஒரு பித்தளை விளக்கு தேடி ஒருவர் விளம்பரம் கொடுத்திருப்பார். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த போட்டோவை அனுப்பி, இதில் நிற்கிற கார் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று இன்னொருவர் கேட்டிருப்பார். அடுத்த இதழிலேயே மூன்று பேர் பதில் எழுதுவார்கள். மூன்று பதிலும் மூன்று மாதிரி இருக்கும். அதற்கடுத்த இதழ் முழுக்க அந்தச் சண்டைதான். நாற்பது கிலோமீட்டர் பயணத்தில் ஐந்து தடவை வண்டி நின்றுபோன கதையை, இமயமலை ஏறி வந்தவர் மாதிரி ஒருத்தர் நாலு பக்கத்துக்கு எழுதியிருப்பார். படிப்பவர்களும் அதை வரி விடாமல் படிப்பார்கள்.

கிழட்டு கார்களுக்கு என்று உலகத்தில் எழுந்த ஆரம்ப கால கிளப்களில் ஒன்று இது. ஆரம்பித்த மூன்று பேரில் ஒருவர், தன் காலத்தில் மிக வேகமாக கார் ஓட்டியவர்களில் ஒருவர். அதோடு முழுநேரப் பத்திரிகையாளர். எஸ்.சி.எச்.டேவிஸ். முழுப் பெயர் சிட்னி சார்லஸ் ஹவுட்டன் டேவிஸ். ஆனால், ஊர் முழுக்க அவரை 'சாமி' என்றுதான் கூப்பிட்டது. (அமெரிக்கப் பாடகர் சாமி டேவிஸ் வேறு ஆள். குழம்ப வேண்டாம்!)

ஸ்பேனரும் பென்சிலும்

1887-ல் லண்டனில் பிறந்தவர் சாமி. கார் என்ற பொருளே அப்போதுதான் ஜெர்மனியில் கண் திறந்திருந்தது. அதாவது, காரும் அவரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். 1906-ல் டெய்ம்லர் கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கையில் கிரீஸ் படிந்த அந்த வருஷங்களில் இன்னொரு திறமையும் கூடவே வளர்ந்தது. நன்றாகப் படம் வரைவார். எஞ்சினைப் பிரித்து வைத்தால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு வரைபடத்தில் புரியவைத்துவிடுவார்.

அந்தக் கைவண்ணம்தான் அவரைப் பத்திரிகைக்குள் இழுத்து வந்தது. 1910-ல் 'ஆட்டோமொபைல் எஞ்சினீயர்' என்ற இதழில் படம் வரைபவராகச் சேர்ந்தார். முதல் உலகப் போர் வந்தது. கடற்படையின் விமானப் பிரிவுக்குக் கீழே இயங்கிய கவச கார் படையில் சேர்ந்து போய்விட்டார். கடற்படைக்கு எதற்கு கார் என்று கேட்காதீர்கள், போர்க்காலத்தில் அப்படித்தான் எல்லாம் கலந்து கிடந்தது.

போர் முடிந்து திரும்பியவரை 'தி ஆட்டோகார்' வாரப் பத்திரிகை விளையாட்டு ஆசிரியராக உட்காரவைத்தது. 1895-ல் ஆரம்பித்த பத்திரிகை அது. இங்கிலாந்து சாலைகளில் கார் என்பதே அதிசயமாக இருந்த நாளிலேயே, காருக்காக மட்டும் தொடங்கப்பட்டது. அதில் சாமி வைத்துக்கொண்ட புனைபெயர் 'காஸ்க்'. பிரெஞ்சு மொழியில் தலைக்கவசம் என்று அர்த்தம். பெயருக்கேற்ற மாதிரி, எழுதுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் தலையில் கவசத்தோடுதான் இருந்தார்.

பந்தயம் பற்றி எழுதுகிறவர் பந்தயத்தில் ஓட்டவும் செய்யலாமா? இன்றைக்கு எந்த ஆசிரியர் குழுவிலும் இதற்கு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடக்கும். அந்தக் காலத்தில் அதுவே அவருக்குப் பலமாகிவிட்டது. ஒரு வளைவில் கார் எப்படி வழுக்கும் என்று எழுதினால், அந்த வளைவில் வழுக்கிவிட்டு வந்த கை எழுதுகிறது என்று வாசகர்களுக்குத் தெரியும். 1922-ல் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் 'பனி' என்று செல்லப் பெயர் வைத்த ஆஸ்டன் மார்ட்டினை ஓட்டி, நீண்ட தூர சாதனைகளை உடைத்த குழுவில் இவரும் இருந்தார். 1925-ல் பிரான்ஸின் லீ மான்ஸில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில், ஜான் ஷசான் என்ற பிரெஞ்சு வீரரோடு சன்பீம் காரில் இரண்டாம் இடம் பிடித்தார். அடுத்த வருஷம் பென்ட்லி கார். முடிய 20 நிமிஷம் சொச்சம் இருக்கும்போது, முன்னால் போகிற காரைப் பிடித்துவிடும் ஆசையில் வேகத்தைக் கூட்டினார். பிரேக் தேய்ந்துபோயிருந்தது. வளைவில் நேராகப் போய் மணலில் புதைந்துவிட்டது வண்டி. 23 மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிட்டுக் கடைசியில் கைவிட்ட பந்தயம்.

விருந்துக்கு வந்த கார்

1927 ஜூன். மறுபடியும் லீ மான்ஸ். பென்ட்லி மூன்று கார்களை இறக்கியது. ஒரு புது நாலரை லிட்டர், இரண்டு பழைய மூன்று லிட்டர். சாமிக்குக் கிடைத்தது பழசு ஒன்று. கூட ஓட்டப் போகிறவர் டாக்டர் பெஞ்சபீல்ட். வாரநாளில் லண்டனில் நுண்ணுயிர்களை ஆராய்கிற மருத்துவர், லீவு கிடைத்தால் ரேஸ் டிரைவர்.

இரவு சுமார் ஒன்பதரை மணி. 'வெள்ளை வீடு' என்று பெயர் வாங்கிய வளைவில் ஒரு பிரெஞ்சு கார் சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. முதலில் வந்த நாலரை லிட்டர் பென்ட்லி அதைத் தவிர்க்கப் பார்த்துப் பள்ளத்தில் கவிழ்ந்தது. பின்னாலேயே வந்த இரண்டாவது பென்ட்லி அதன் மேல் மோதியது. அடுத்து வந்துகொண்டிருந்தவர் சாமி. இருட்டு.

வளைவுக்கு முன்னாலேயே அவர் ஒன்றைக் கவனித்தார். சாலையில் புதிதாகச் சிதறிய மண், மரச் சிலாம்புகள். போன சுற்றில் இல்லாதது. என்னவென்று தெரியாமலேயே பிரேக்கை அழுத்தினார். அந்த அரை விநாடிதான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்லணும். முழு வேகத்தில் போய் மோத வேண்டியவர், பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போய்க் குவியலில் இடித்து நின்றார். இறங்கி, மற்ற டிரைவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடினார். நல்லவேளை, யாரும் சாகவில்லை.

கார்தான் பரிதாபம். முன் அச்சு வளைந்து, சக்கரம் நெளிந்து, ஒரு ஹெட்லைட் போய், மட்கார்டு கிழிந்து நின்றது. மெதுவாகப் பின்னால் எடுத்து, ஊர்ந்து ஊர்ந்து பிட்டுக்குக் கொண்டுவந்தார். பந்தய விதிப்படி டிரைவர் மட்டும்தான் ரிப்பேர் பார்க்கலாம், மெக்கானிக் தொடக்கூடாது. முதலாளி முதல் தொழிலாளி வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, சாமி ஒருத்தராகத் தட்டி, நிமிர்த்தி, கட்ட வேண்டியதைக் கயிற்றால் கட்டினார். டெய்ம்லரில் தொழில் பழகிய கை அல்லவா! கிட்டத்தட்ட அரை மணி நேரம் போனது. அப்புறம் டாக்டர் ஏறினார். ஒற்றை ஹெட்லைட், கண்ணாடியில் கட்டிய ஒரு டார்ச், மேலே மழை.

முன்னால் பல சுற்று தூரத்தில் ஆரியஸ் என்ற பிரெஞ்சு கார் போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டிய இருவரில் ஒருவர், இரண்டு வருஷம் முன்பு சாமியோடு சன்பீமில் உட்கார்ந்த அதே ஷசான். விட்டுக்கொடுக்காமல் நெருக்கிக்கொண்டே வந்தது நொண்டி பென்ட்லி. கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் ஆரியஸின் எஞ்சின் நின்றுபோனது. பென்ட்லி ஜெயித்தது. இரண்டாவதாக வந்த காருக்கும் இதற்கும் இருந்த இடைவெளி 20 சுற்றுகள். மொத்தம் ஓடிய தூரம் சுமார் 2,370 கி.மீ!

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆட்டோகார் பத்திரிகையின் முதலாளி, லண்டன் சவாய் ஹோட்டலில் ஒரு விருந்து கொடுத்தார். கோட்டு சூட்டு, வெள்ளை மேஜை விரிப்பு, எல்லாம் பக்கா. விருந்தின் நடுவே கதவு திறந்தது. அடிபட்ட கோலத்திலேயே அந்த பென்ட்லி உள்ளே வந்தது. ரேஸ் ஜெயித்த காருக்கு விருந்தாளி மரியாதை! ஒரு கார் இரும்புச் சாமான் மட்டும் கிடையாது, அதற்கென்று ஒரு கதை இருக்கிறது என்று நம்புகிறவர்கள் நிறைந்த அறை அது. சாமி வேலை பார்த்த பத்திரிகை அப்படி.

ஓட்டை உடைசல் ஊர்வலம்

அதே 1927-ல்தான் இன்னொரு விஷயமும் தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ள 1896-க்குப் போகணும்.

அதுவரை இங்கிலாந்தில் குதிரை இல்லாமல் ஓடும் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போயாக வேண்டும். 1865-ல் போட்ட சட்டப்படி அவர் கையில் சிவப்புக் கொடியும் இருக்க வேண்டும். ஊருக்குள் வேகம் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். நம்ம ஊர்த் தேர்கூட அதைவிட வேகமாக வரும்! கொடிக் கட்டாயம் சில வருஷத்திலேயே தளர்ந்தாலும், நடக்கும் ஆளை விடவில்லை. 1896 நவம்பர் 14 அன்று புதுச் சட்டம் அமலுக்கு வந்து, வேக வரம்பு 14 மைல் ஆனது. அந்த நாளைக் கொண்டாட லண்டனிலிருந்து கடலோர ஊரான பிரைட்டனுக்கு முப்பத்துச் சொச்சம் வண்டிகள் கிளம்பின. காலையில் ஒரு பிரபு சிவப்புக் கொடியைக் கிழித்துப் போட, ஆரம்பித்தது பயணம். தூரம் சுமார் 96 கி.மீ. முதலில் போய்ச் சேர்ந்தவை பிரான்ஸின் லியோன் பொல்லே கம்பெனியின் மூன்று சக்கர வண்டிகள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷம் கழித்து, 1927-ல் 'டெய்லி ஸ்கெட்ச்' பத்திரிகை அந்தப் பயணத்தை மறுபடி நடத்தியது. அடுத்து ஆட்டோகாரும் கைகொடுத்தது. ஆனால், மக்கள் அதைப் பார்த்த விதம் வேறு. 'ஓல்ட் க்ராக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம்ம பாஷையில் ஓட்டை உடைசல். தாத்தா காலத்து உடுப்பு, ஒட்டு மீசை என்று வேஷம் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள், ஓரத்தில் நின்று சிரிக்கிறவர்கள் என்று ஒரே கூத்து. நடுவழியில் எது நிற்கும் என்று பார்ப்பதில்தான் குஷி. ஊர்வலம் முடிந்ததும் அந்த வண்டிகளின் கதி என்ன? பல வண்டிகள் கொட்டகைக்குத் திரும்பின. 1920-களில் இருபத்தைந்து வருஷத்துப் பழைய கார் என்றால் காயலான் கடைக்குக்கூடக் கேட்டுத்தான் எடுப்பார்கள். ரோல்ஸ் ராய்ஸாக இருந்தால் ஒருவேளை வைத்திருப்பார்கள். மற்றதெல்லாம் கோழி அடைக்கிற கூண்டு, இல்லை பழைய இரும்பு.

இந்த இடத்தில்தான் சாமி மற்றவர்களிடமிருந்து விலகி நின்றார் என்று நினைக்கிறேன். அவர் அந்த வண்டிகளோடு வளர்ந்தவர். டெய்ம்லரில் அவர் பழகியபோது அவையெல்லாம் சில வருஷம் முன்பு வந்த மாடல்கள். எதற்காக அந்த லீவர் அங்கே இருக்கிறது, எந்தக் கோளாறைச் சரிசெய்ய அந்தக் குழாயை அப்படி வளைத்தார்கள் என்று அவருக்குத் தெரியும். சிரிக்கிறவர்களுக்கு அது தெரியாது.

1930

அந்த ஒரு வருஷத்தை மட்டும் தனியாகச் சொல்லியாகணும்.

ஜூனில் லீ மான்ஸ். ஸ்பீட் சிக்ஸ் பென்ட்லி. ஒரு கல் தெறித்துக் கண்ணாடி உடைந்து, சில்லு சாமியின் கண்ணுக்குள் போய்விட்டது. துணை ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ ஏறினார், வண்டியை மணலில் புதைத்துவிட்டார். கண்ணில் காயத்தோடு சாமி நடந்து போய் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். முடியவில்லை.

அக்டோபரில் ப்ரூக்லண்ட்ஸில் 500 மைல் பந்தயம். இந்தத் தடவை கையில் பென்ட்லி இல்லை. ஆஸ்டின் செவன். 747 சி.சி! இன்றைக்கு நம் ரோட்டில் ஓடும் சின்ன கார்களைவிடச் சின்ன எஞ்சின். சின்ன வண்டிகளுக்கு நேரச் சலுகை உண்டு என்பது உண்மைதான். ஆனாலும், அந்தத் தீப்பெட்டியை 500 மைலுக்கு நிற்காமல் விரட்ட வேண்டுமே. சாமியும் மார்ச் பிரபுவும் மாறி மாறி ஓட்டி, சராசரியாக மணிக்கு 134 கி.மீ வேகத்தில் ஜெயித்தார்கள். பெரிய பெரிய பென்ட்லிகளெல்லாம் பின்னால்.

அடுத்து நவம்பர். பிரைட்டன் பயணம் முடிந்த மாலை. அந்த வருஷம்தான் ராயல் ஆட்டோமொபைல் கிளப் பயணத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றிருந்தது. கடற்கரையில் இருக்கும் 'ஓல்ட் ஷிப்' ஹோட்டலில் மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள். சாமி, ஜாக்கி மாஸ்டர்ஸ், ஜான் வைலி. வருஷத்தில் ஒரு நாள் ஊர்வலம் போய்விட்டு மீதி 364 நாள் அனாதையாகக் கிடக்கும் வண்டிகளுக்கு ஒரு அமைப்பு வேண்டும் என்று முடிவானது. அதுதான் வெட்டரன் கார் கிளப்.

மணிக்கு 134 கி.மீ-யில் ஜெயித்த கை ஆறி, ஒரு மாதம் சொச்சம்தான் ஆகியிருக்கும். அந்தக் கைதான் மணிக்கு 20 மைல் போகிற வண்டிகளுக்காக கிளப் ஆரம்பிக்கிறது!

மாமியார் கொல்லி

சாமியிடமும் ஒரு கிழட்டு வண்டி இருந்தது. 1897-ம் வருஷத்து லியோன் பொல்லே. அதே மூன்று சக்கரம்தான். அதற்கு அவர் வைத்த பெயர் பீல்ஜிபப். பைபிளில் வரும் பிசாசுகளின் தலைவன். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு 'பெயெல்செபூல்' என்றால் தெரியும். சாமி ஓட்டுகிற பிசாசு என்று தமிழில் சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கிறது, இல்லையா?

ஏன் அந்தப் பெயர் என்பது வண்டியைப் பார்த்தாலே புரியும். ஸ்பார்க் பிளக் கிடையாது. ஒரு சின்னக் குழாயை பர்னர் வைத்துச் சூடேற்றி, செக்கச் செவேலென்று ஜொலிக்கவைக்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தப்படும் பெட்ரோல் ஆவி அந்தக் குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும். அப்படித்தான் எஞ்சின் ஓடும். பம்ப் ஸ்டவ் பற்றவைத்துப் பழகிய பாட்டிகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எந்த நேரத்தில் எப்படிச் சீறும் என்று சொல்வார்கள். அந்த ஸ்டவ்வைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலே பெட்ரோலோடு, ரோட்டில் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் பர்னர் அணைந்துவிடும். எஞ்சினும் நின்றுவிடும்.

கிளட்ச் இன்னும் விசித்திரம். பின்சக்கரத்தையே முன்னும் பின்னும் நகர்த்தணும். பின்னால் தள்ளினால் பெல்ட் இறுகி வண்டி ஓடும். முன்னால் இழுத்தால் பெல்ட் தளரும். இன்னும் இழுத்தால் சக்கரம் ஒரு கட்டையில் உரசி, அதுவே பிரேக். இது எல்லாம் இடது கையில் இருக்கும் ஒரே லீவரில். அதே லீவரில்தான் கியரும்! வலது கையில் ஸ்டியரிங். ஓட்டுபவர் பின்னால் உட்காருவார், பயணி முன்னால், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே. எதன் மேல் மோதினாலும் முதல் அடி பயணிக்குத்தான் என்பதால் பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'மாமியார் கொல்லி'. மாமியார் ஜோக் எல்லா ஊரிலும் இருக்கும்போல.

லீ மான்ஸில் ஜெயித்த மனுஷன், வருஷா வருஷம் நவம்பர் குளிரில் இந்தப் பிசாசோடு பிரைட்டன் பயணத்தில் கலந்துகொண்டார். அந்தப் பயணம் ரேஸ் கிடையாது. முதல், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. சராசரி வேகம் 20 மைலைத் தாண்டக்கூடாது. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு பதக்கம், அவ்வளவுதான்.

பிறந்த தேதி யாருக்குத் தெரியும்?

கிளப் ஆரம்பித்ததும் ஒரு தலைவலியும் கூடவே வந்தது. எது பழைய கார்? பிரைட்டன் பயணத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. 1905 ஜனவரி 1-க்கு முன்னால் தயாரான கார் மட்டும்தான் வரலாம். கேட்க எளிது. ஆனால், அந்தக் காலத்து காரில் தயாரான வருஷம் பொறித்திருக்காது. கம்பெனி மூடிப்போயிருக்கும். கணக்குப் புத்தகங்கள் எரிந்துபோயிருக்கும். எஞ்சின் ஒன்று, சட்டம் வேறொன்று என்று கலந்து கட்டியிருப்பார்கள். ஒரு கார் 1904-ல் பிறந்ததா, 1905-லா என்பதில்தான் அதன் மதிப்பு, பயண உரிமை, உரிமையாளரின் கெத்து எல்லாமே. ஜாதகத்தில் வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே வயதைக் கூட்டிச் சொல்கிற கூட்டம்!

ஆகவே கிளப்பே காரின் வயதை ஆராய்ந்து சான்றிதழ் தரும் வேலையை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அந்த வேலை நடக்கிறது. எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்? எஞ்சின் எண், பழைய கேட்லாக், விலைப் பட்டியல், அப்புறம் முக்கியமாக, பழைய பத்திரிகைகள். 1903-ம் வருஷத்து ஆட்டோகார் இதழில் ஒரு காரின் படம் வந்து, அதில் ரேடியேட்டர் இன்ன வடிவம் என்று தெரிந்தால், அந்த வடிவம் அப்போதே இருந்தது என்று உறுதியாகும். எந்த நிருபரோ அவசரமாக வாரக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்த செய்தி, முப்பது வருஷம் கழித்து ஒரு காருக்குப் பிறப்புச் சான்றிதழ் ஆகிறது. வாரப் பத்திரிகையில் வேலை பார்க்கிற எனக்கு இதை எழுதும்போது லேசாகப் பயமும் வருகிறது. நான் எழுதிய மாடல் நம்பர்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்ததா?

கிளப் இதழை உறுப்பினர்கள் அப்படி விழுந்து விழுந்து படிப்பதற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது. ரிப்பேர் புத்தகம் கிடைக்காத வண்டிக்கு, இன்னோர் உறுப்பினர் எழுதுகிற அனுபவம்தான் ரிப்பேர் புத்தகம். பர்னர் எந்தக் காற்றில் அணையும் என்பதை எந்தக் கம்பெனியும் அச்சடித்துத் தரவில்லை. அதை ஓட்டியவர் எழுதினால்தான் உண்டு. எழுதாமல் போனால் அந்த வித்தை அந்த ஆளோடு போய்விடும்.

கிளப் யோசனை பரவியது. 1934-ல் இங்கிலாந்திலேயே விண்டேஜ் கார்களுக்கு ஒரு கிளப் வந்தது. 1935-ல் அமெரிக்காவில் ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப், 1937-ல் குதிரையில்லா வண்டிகளின் பெயரிலேயே இன்னொன்று. ஒவ்வொன்றும் ஓர் இதழும் நடத்த ஆரம்பித்தது. நம் ஊர் பழைய கார் பேரணிகளில் 'வெட்டரன்', 'விண்டேஜ்' என்று பிரிக்கிறார்களே, அந்த வார்த்தைகளும் அங்கிருந்து வந்தவைதான்.

உடைந்த கால், ஓயாத பேனா

1931 ஈஸ்டர் சமயத்தில் ப்ரூக்லண்ட்ஸில் இன்விக்டா காரில் போய்க்கொண்டிருந்த சாமி, கட்டுப்பாடு இழந்து விபத்துக்குள்ளானார். கால் மோசமாக முறிந்தது. நீண்ட நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை. முன்வரிசைப் பந்தய வாழ்க்கை ஏறக்குறைய அதோடு முடிந்தது என்றே சொல்லலாம். நாற்பத்து நாலு வயது. அதற்கு அடுத்த வருஷம், லீ மான்ஸ் மணலில் கூடவே நின்ற டன்ஃபீ, அதே ப்ரூக்லண்ட்ஸில் ஒரு பந்தயத்தில் இறந்துபோனார். தன் நண்பர்கள் பலரை அந்தத் தடங்களுக்குக் கொடுத்த தலைமுறை அது.

சாமி எழுதினார், வரைந்தார். பந்தயம் பற்றி, டிரைவர்கள் பற்றி, கார் ஓட்டுவதை ஒரு கலையாகப் பார்ப்பது பற்றி என்று புத்தகம் புத்தகமாக வந்தது. பெண் பந்தய ஓட்டுநர்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். பெண்கள் ஸ்டியரிங் பிடித்தாலே ஜோக் அடித்த காலத்தில், அவர்கள் ஓட்டிய முறையையும் ஜெயித்த பந்தயங்களையும் உட்கார்ந்து பதிவுசெய்ய ஓர் ஆண் பத்திரிகையாளருக்குத் தோன்றியது பெரிய விஷயம்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஐம்பதைத் தாண்டிவிட்டார். இருந்தாலும் ராணுவத்தின் மின் - இயந்திரப் பொறியாளர் பிரிவில் சேர்ந்து வேலை பார்த்தார். பழைய கார்களுக்கு அது பொல்லாத காலம். போருக்கு இரும்பு வேண்டும் என்று ஊரெல்லாம் சேகரித்தார்கள். தோட்டத்து வேலிக் கம்பிகூடத் தப்பவில்லை. கொட்டகையில் கிடந்த கிழட்டு கார் எம்மாத்திரம்! கிளப்பில் பெயர் எழுதி, வயது தெரிந்து, இது இன்னாருடையது, அபூர்வமானது என்று நாலு பேருக்குத் தெரிந்த வண்டியை இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுக்க உரிமையாளருக்கும் மனசு வராது. பெயர் தெரியாததுதான் முதலில் உலைக்குப் போகும்.

போர் முடிந்து 1946-ல் பிரைட்டன் பயணம் திரும்ப வந்தது. 1947-ல் பெட்ரோல் ரேஷனால் மறுபடி நின்றது. அப்புறம் பிடித்துக்கொண்டது. 1953-ல் 'ஜெனிவீவ்' என்ற நகைச்சுவைப் படம் வந்தது. பிரைட்டன் போகிற இரண்டு பழைய கார்க்காரர்களின் சண்டைதான் கதை. படம் சக்கைப்போடு போட, ஓரத்தில் நின்று பார்க்கிற கூட்டம் பல மடங்கானது. ஓட்டை உடைசல் என்று சிரித்த ஜனங்கள், இப்போது தங்களுக்கும் ஒன்று கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

சாமியின் மகன் காலினும் பந்தய வீரர் ஆனார். 1964-ல் சிசிலித் தீவின் மலைச் சாலைகளில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை, அன்டோனியோ புச்சியோடு சேர்ந்து போர்ஷே 904 காரில் ஜெயித்தார். அப்பாவுக்கு அப்போது 77 வயது. 24 மணி நேரப் பந்தயத்தை ஒற்றை ஹெட்லைட்டில் ஜெயித்தவருக்கு, மகன் ஜெயித்த காரின் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்!

1981 ஜனவரியில், 94 வயதில் சாமி டேவிஸ் காலமானார். அந்த நவம்பரிலும் பிரைட்டன் பயணம் இருந்தது. லண்டன் ஹைட் பூங்காவிலிருந்து வண்டிகள் வயதுப்படிதான் கிளம்பும். மூத்ததுக்கு முதல் மரியாதை. பர்னரைப் பற்றவைத்து, குழாய் சிவக்கும் வரை காத்திருக்க வேண்டிய வண்டிகள்தான் இருட்டு பிரியும் நேரத்தில் முதல் வரிசையில் நின்றன.